மணலிக்கும் டெக்சாஸுக்கும் போன மெட்டு

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற பக்கம் இருக்கிறது பிள்ளைப்பாக்கம். சிப்காட் தொழிற்பூங்காவும் உண்டு, பழைய பெரிய ஏரியும் உண்டு. ஷிப்டு மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கும். அடுத்துள்ள வல்லம் வடகாலில் 2024இல் திறந்த பெண் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். டீக்கடை வாசலில் தமிழோடு ஒடியாவும் இந்தியும் காதில் விழும். செல்போனுக்குச் செல்போன் வேறு ஊர்ப் பாட்டு.

இந்த ஊருக்குப் பொருத்தமான ஒரு மெட்டின் கதையைச் சொல்கிறேன். 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில் ஆட்டத்துக்கு வாசித்த மெட்டு அது; பெயர் ‘லார்ட் மெக்டொனால்ட்ஸ் ரீல்’. பிழைப்புத் தேடி அமெரிக்கா போனவர்களோடு கப்பலேறி, அங்கே ‘லெதர் பிரிச்சஸ்’ ஆனது. அப்பலாச்சிய மலைக்காரர்கள் பிடிலில், அதாவது வயலினில், பக்கத்துத் தந்தியையும் சேர்த்து இழுத்து, சுருதி விடாமல் ஒலிக்க வாசிப்பார்கள். டெக்சாஸ் போட்டி மேடைகளிலோ ஒவ்வொரு சுற்றிலும் புதுச் சங்கதி விழும். சிலர் மூன்றாவது பகுதியே சேர்த்துவிட்டார்கள். அப்பலாச்சிய மலைநாட்டுப் பிடில்காரர்கள் பல மெட்டுகளுக்குத் தந்திகளை ச-ப-ச-ப என்று கூட்டுவதுண்டு. நம் கர்நாடக வயலினின் சுருதியும் அதுதான்!

ஆங்கிலேயரோடு அதே மெட்டு சென்னைக்கும் வந்தது. புரவலர் முத்துக்கிருஷ்ண முதலியாரின் ஆதரவில் கர்நாடக இசை மேதை முத்துஸ்வாமி தீட்சிதரின் குடும்பம் சென்னையை ஒட்டிய மணலியில் இருந்தபோது, செயின்ட் ஜார்ஜ் கோட்டை பேண்டு வாத்தியத்தைக் கேட்டது. தம்பி பாலுஸ்வாமி ஓர் ஐரோப்பியரிடம் மூன்றாண்டு வயலின் கற்றார். அண்ணன் முத்துஸ்வாமி தீட்சிதர் இப்படி வந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் செய்தார். அவைதாம் நோட்டுஸ்வரங்கள், நாற்பதை ஒட்டி இருக்கின்றன. அவற்றுள் ‘ஜகதீச குருகுஹ’தான் நம் ஸ்காட்லாந்து மெட்டு. கமகம் இல்லாமல், சங்கராபரணத்தின் நேர் ஸ்வரங்களில் துள்ளி ஓடும்.

பிள்ளைப்பாக்கத்துக்கு மேற்கே உள்ள காஞ்சிபுரத்திலும் தீட்சிதர் சில ஆண்டுகள் வாழ்ந்தார். பிள்ளைப்பாக்கம்போலவே மணலியும் இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையோடு தொழிற்பேட்டையாகிவிட்டது.

நோட்டுஸ்வரத்தைக் குழந்தைகளுக்கான பயிற்சிப் பாட்டு என்று ஒதுக்கிவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. டெக்சாஸ்காரருக்கு ஒரு பாடாந்தரம் இருப்பதுபோல இது நம் ஊர்ப் பாடாந்தரம். ஆட்டத்துக்குப் பிறந்த மெட்டைத் தீட்சிதர் துதியாக்கினார். அந்தத் துணிச்சல் டெக்சாஸில்கூட யாருக்கும் வரவில்லை.

வயலின் வாசிக்கும் நேயர்கள் ‘லெதர் பிரிச்சஸ்’, ‘ஜகதீச குருகுஹ’ இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். பிள்ளைப்பாக்கம் பக்கம் வேலை பார்க்கும் நேயர்களே, உங்கள் லைனில் நிற்கும் ஒடிசாக்காரரை ஊர்ப் பாட்டு ஒன்று பாடச் சொல்லுங்கள். மெட்டு பிடித்திருந்தால், அதற்குத் தமிழில் நாலு வரி நீங்களே கட்டுங்கள்.