வீட்டில் முட்டை அடைவைத்தல்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் விழாவில் கோழி முட்டையைப் பற்றிப் பேசுவதா எனச் சிலர் எண்ணக்கூடும். 1931ஆம் ஆண்டில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியார் நம் மக்கள்மீது தடைகள் பல விதித்தனர். பிள்ளைகள் எழுத்தறிவு பெறலாகாது. மிராசுதாரரின் மாடுகளையே மேய்க்க வேண்டும். சொந்த நிலத்தை அவர்களுக்கே குறைந்த விலைக்கு விற்றுவிட வேண்டும் என்பன அவற்றுட் சில. கல்வியும் உடைமையும் ஒருங்கே மறுக்கப்பட்டன. ஆதலின் இரண்டையும் நாம் ஒருங்கே தேடுதல் வேண்டும். நிலமற்ற வீட்டிலும் நான்கு கோழிகள் வளரும். அவற்றைப் பெருக்கும் அறிவு நம் பிள்ளைகளிடம் இருத்தல் நலம்.

கடையில் விற்கும் பண்ணை முட்டை பொரிக்காது. அது சேவலோடு சேராத கோழி இட்டது. பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் வேண்டும். இட்டு ஏழு நாட்களுக்கு மேற்படாத, விரிசலற்ற முட்டைகளையே தேர்க. அவற்றைக் கழுவலாகாது, ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு நீங்கினால் கிருமி உட்புகும். கூர்முனை கீழாக, குளிர்ந்த நிழலில் வைத்தல் வேண்டும்.

ஓர் அடைக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டைகளை நன்கு மூடும். நம் பாட்டிமார் கூடையில் மணல் பரப்பி, இடிக்கு அஞ்சி இரும்புத் துண்டும் கரியும் வைப்பர். இரும்பால் பயன் ஏதுமில்லை. ஆயினும் கூடையை இருண்ட, சந்தடியற்ற மூலையில் வைத்தார்களே, அது முற்றிலும் சரி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலச் சாரல் தென்காசி வரை வீசும். அப்பருவத்தில் கூடையைத் தரையினின்று உயர்த்தி, ஈரம் படாமற் காத்தல் வேண்டும். அருகில் தீனியும் நீரும் இருக்கட்டும்.

அடைகாத்துக் குஞ்சுகளையும் வளர்க்கும் தாய்க்கோழி இரண்டு மூன்று மாதங்கள் முட்டையிடாது. குஞ்சு பொரிப்பானில் வைத்தால் அது விரைவில் மீண்டும் முட்டையிடும். விசிறியுள்ள பெட்டியில் வெப்பம் 37.5 பாகை செல்சியசு இருத்தல் வேண்டும். ஈரப்பதம் 55 முதல் 60 விழுக்காடு. கடைசி மூன்று நாட்களில் 65 முதல் 70. கரு ஓட்டோடு ஒட்டாதிருக்க, 18ஆம் நாள் வரை நாளுக்கு மூன்று முறையேனும் முட்டைகளைத் திருப்புக. ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் விளக்கொளியில் பார்த்தால், கருவுள்ள முட்டையில் சிலந்தி போன்ற செந்நரம்புகள் தெரியும். தெளிவாக இருப்பதை நீக்குக. கூமுட்டை அழுகி வெடித்தால் மற்றவையும் கெடும். 21ஆம் நாள் குஞ்சு தானே ஓடுடைத்து வெளிவரும். நாம் ஓட்டைப் பிய்த்து உதவலாகாது.

பின்னர் குஞ்சுகளுக்கு மின்விளக்கின் சூடு தேவை. ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்கு எதிரான சொட்டு மருந்து இடுதல் இன்றியமையாதது. இதற்குக் கால்நடை மருந்தகத்தை நாடுக, தயங்க வேண்டா.

இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வட்டிக்குக் கடன் வாங்கி முதலிலேயே பெரிய கருவி வாங்காதீர். மின்சாரம் நெடுநேரம் நின்றால் முதல் முழுவதும் போகும். அடைக்கோழியில் தொடங்குங்கள்; கணக்குப் பார்த்தபின் சிறு பெட்டிக்கு மாறுங்கள். எகிப்து நாட்டுத் தொழிலாளர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மண் அடுப்பறைகளில் குஞ்சு பொரித்தனர். முட்டையைக் கண்ணிமையில் வைத்தே சூட்டை அறிந்தனர். கருவியினும் கவனமே முதல் என்பதற்கு அவர்களே சான்று.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குறிப்பேடு வேண்டும். வைத்த நாள், வைத்த முட்டை, பொரித்த குஞ்சு, விற்ற தொகை ஆகியவற்றைப் படிக்கும் பிள்ளையே எழுதட்டும். கோழியைப் பேணுபவர் பெரும்பாலும் தாய்மாரே. ஆகவே தொகை அவர்கள் கையில் சேர்வதே முறை. அதில் ஒரு பகுதியைப் பெண்பிள்ளைகளின் மேற்படிப்புக்கென ஒதுக்குங்கள். பள்ளி இடையில் நிற்பது பலவேளை ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்காகத்தான். அத்தொகைக்காக எவர் வாசலிலும் நம் பிள்ளைகள் நிற்கலாகாது.