ஊர்ப் பணமும் ஊர்க் கலையும்



கல்முனை மாநகர எல்லைக்குள் வடக்கே பாண்டிருப்பு, தெற்கே கல்முனைக்குடி. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்திலே பாரதக் கதையோடு கூடிய தீமிதிப்பு விழா ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலிலே நாகூர் ஆண்டகை ஷாஹுல் ஹமீது அவர்களின் நினைவாகக் கொடியேறுகின்றது. பக்கீர்மார் றபான் கொட்டி பைத் ஓதுகின்றனர். ஓரிடத்தில் உபயம் என்றும், மற்றோரிடத்தில் நேர்ச்சை என்றும் மக்கள் மனமுவந்து அளிக்கும் பொருளே இவ்விழாக்களைத் தாங்கி நிற்கின்றது.

இவ்வாறு தாங்குவார் உள்ள கலைகள் நிலைபெறும். தாங்குவார் இல்லாத கலைகளின் கதி யாது?

இக்கரையோர முஸ்லிம் ஊர்களிலே வயல் வேலையின்போதும் வீட்டு முற்றத்திலும் பெண்கள் பாடிய கவிகள் உண்டு. இளைஞர் வட்டமிட்டு ஆடும் களிகம்பும் பொல்லடியும் உண்டு. மருதமுனையின் தறிகளிலே தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய நெசவு நுட்பம் உண்டு. இவற்றுக்குத் தேர்த் திருவிழாவும் இல்லை, கந்தூரியும் இல்லை. கற்றவர் மறைந்தால் கலையும் உடன் மறையும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் எத்தனை மூதாட்டியர் எத்தனை கவிகளைத் தம்முடன் கொண்டு சென்றனரோ, எந்தக் கணக்கேடு அதைச் சொல்லும்?

உள்ளூராட்சி மன்றத்தின் வருவாய் சோலைவரியாலும், சந்தைக் கட்டணத்தாலும், 1946ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி காட்சிகளுக்கு அறவிடப்படும் களியாட்ட வரியாலும், இவை போன்ற பிறவற்றாலும் வருவது. மீன் விற்பவரும் தறி நெய்பவரும் செலுத்திய காசும் அதிலே கலந்திருக்கின்றது. ஆதலின், கலைக்கென ஒதுக்கும் தொகையிலே அவர்களுக்கும் உரிமை உண்டு.

ஆனால், பொதுவாக எவ்வூரிலும் அத்தொகை செல்லும் வழி யாது? ஒரு நாள் விழா. பந்தல், ஒலிபெருக்கி, பொன்னாடை, விழா மலர். உதவி வேண்டுவோர் பதிவு பெற்ற சங்கமாக இருத்தல் வேண்டும். வங்கிக் கணக்கும் எழுத்து மூல விண்ணப்பமும் வேண்டும். கவி பாடும் மூதாட்டிக்குச் சங்கம் ஏது? விண்ணப்பம் ஏது? அவரை விலக்க வேண்டுமென்று எவரும் எண்ணுவதில்லை. விதிகளே அவரை வெளியே நிறுத்திவிடுகின்றன.

இதற்கு மாறான வழியை நம் நாடே கண்டதுண்டு. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தால் இலங்கைக் கலைக்கழகம் அமைந்தது. அதன் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் சு. வித்தியானந்தன் கிராமந்தோறும் சென்று அண்ணாவிமாரைக் கண்டார். போட்டிகள் நடத்தி ஊக்கினார். 1962இல் ‘கர்ணன் போர்’, பின்னர் ‘இராவணேசன்’ எனக் கூத்து பல்கலைக்கழக மேடையேறியது. அங்கே கலைஞர் அலுவலகம் தேடி வரவில்லை. அலுவலகம் கலைஞரைத் தேடிச் சென்றது. முஸ்லிம் கிராமத்து நாட்டார் பாடல்களைத் திரட்டும் பணியிலோ நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்ற தனி மனிதரே பெரிதும் உழைத்தனர்.

கடல் கடந்த பிரேசிலிலும் இக்கொள்கை பரந்த அளவில் நடைமுறைக்கு வந்தது. பாடகர் கில்பெர்த்தோ கில் பண்பாட்டு அமைச்சராக இருந்த காலத்தில், 2004இல், ‘பண்பாட்டுப் புள்ளிகள்’ என்னும் திட்டம் தொடங்கிற்று. புதிய மாளிகைகளை எழுப்புவதை விடுத்து, சேரிகளிலும் சிற்றூர்களிலும் ஏற்கெனவே இயங்கிவந்த குழுக்களுக்கே அரசு நிதி அளித்தது.

நம் ஊர்களில் செய்யக்கூடியவை சில உள. கலைத் தொகையின் ஒரு பகுதியை வட்டாரங்களுக்குப் பகிர்ந்து, அதன் செலவை வட்டார மக்களின் கூட்டமே தீர்மானிக்கலாம். அக்கூட்டம் பெண்கள் வந்து பேசக்கூடிய இடத்திலும் நேரத்திலும் நடைபெறல் வேண்டும். எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகக் கேட்டால், எழுதிக்கொள்ளும் பொறுப்பு நூலகப் பணியாளருடையதாகட்டும். மேடைச் செலவைக் குறைத்து, பொல்லடி பழக்கும் அண்ணாவியாருக்கும், பேத்திமாருக்குக் கவி சொல்லிக் கொடுக்கும் பாட்டிக்கும் மாதந்தோறும் ஒரு தொகை வழங்கலாம். அவர் இசைந்தால் அக்கவிகளை ஒலிப்பதிவு செய்து பொது நூலகத்தில் வைக்கலாம்.

பொதுப் பணம் வரும் இடத்தில் சலுகையும் செல்வாக்கும் நுழையும் என்னும் அச்சம் நியாயமானதே. அதற்காகவே, யாருக்கு எவ்வளவு அளிக்கப்பட்டது, எதற்காக அளிக்கப்பட்டது என்னும் கணக்கை வாசிகசாலைச் சுவரிலே ஒட்டிவைத்தல் வேண்டும். பாண்டிருப்பாரும் மருதமுனையாரும் சாய்ந்தமருதாரும் ஒருவர் கணக்கை ஒருவர் படிக்கட்டும், ஐயம் குறையும்.

இவற்றுக்குப் பெருந்தொகை வேண்டியதில்லை. அடுத்த வரவு செலவுத் திட்டத்தைத் தயாரிப்போர், விழாப் பந்தலுக்கென எழுதும் வரியின் கீழே, கற்றுக்கொடுப்போருக்கென இன்னொரு வரியும் எழுதுவாராக. கவி அறிந்த மூதாட்டியர் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் வீட்டுப் படலைத் திறந்து உள்ளே செல்லக் காலம் தாழ்த்தலாகாது.