மூச்சு வாங்குதா? நடையை விட்டுடாதீங்க!



"கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்குது டாக்டர், அதனால வெளியவே போறதில்ல." சி.ஓ.பி.டி. எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள் பலரும் சொல்வது இது. புகைபிடித்தவர்களுக்கு மட்டுமல்ல, பல வருஷம் விறகடுப்புப் புகையில் சமைத்தவர்களுக்கும் இந்த நோய் வரலாம்.

இதில் இதயத்துக்கு என்ன வேலை? இந்த நோயில், இழுத்த காற்று முழுசாக வெளியேறாது. நடக்கும்போது உள்ளே இன்னும் தேங்கி, பக்கத்திலுள்ள இதயத்தையும் நெருக்கும். ஆக்சிஜன் குறைந்தால் நுரையீரல் ரத்தக்குழாய்கள் சுருங்கும். அவற்றுக்கு ரத்தம் அனுப்பும் இதயத்தின் வலது பக்கத்துக்குச் சுமை கூடும். அது தளர்ந்தால் கால் வீங்கும்.

பயந்து உட்கார்ந்துவிட்டால் தொடைத் தசை இளைக்கும். இளைத்த தசை சீக்கிரம் களைக்கும். அப்புறம் நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும். இந்தச் சுழலை உடைப்பதுதான் முக்கியம்.

உங்களால் எவ்வளவு முடியும் என்பதை 6 நிமிட நடைப் பரிசோதனை சொல்லும். 30 மீட்டர் வராந்தாவில் போய் வந்து நடக்க வேண்டும். முடியாவிட்டால் நின்று இளைப்பாறலாம். நடந்த தூரத்தையும் ஆக்சிஜன் அளவையும் குறித்துக்கொள்வார்கள். தேவைப்பட்டால் எக்கோ எடுத்து இதயத்தையும் பார்ப்பார்கள்.

அதன்பிறகு டாக்டர் சொல்லும் அளவில் தினமும் நடங்க. மூக்கால் இழுத்து, சூடான காபியை ஊதி ஆற்றுவதுபோல் உதட்டைக் குவித்து மெதுவாக விடுங்க. முறையான பயிற்சி பொதுவாக 6 முதல் 12 வாரம். கெட்டுப்போன நுரையீரல் பழையபடி ஆகாது. ஆனால் கால் பலப்படும், கடைவரை போய்வரும் தெம்பு வரும். இன்ஹேலரை மட்டும் நீங்களாக நிறுத்தாதீங்க.

கையில் இருக்கும் போனில் தினசரி நடையைக் குறித்து, டாக்டரிடம் காட்டுங்க. ஆனால் போன் கேமராவில் ஆக்சிஜன் பார்க்கும் செயலிகளை நம்ப வேண்டாம். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரே சரி.

கால் வீக்கம் புதிதாக வந்தால் டாக்டரைப் பாருங்க. நெஞ்சுவலி, மயக்கம், உதடு நீலமாவது, உட்கார்ந்தும் அடங்காத மூச்சிரைப்பு இருந்தால் உடனே 108. மருத்துவ ஆலோசனைக்கு 104. வீட்டைவிட்டு வர முடியாதவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை உண்டு; அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்க.