ஊரைவிட்டுப் போகாத வாத்துகள்



அமெரிக்காவில் குளத்தை ஒட்டிய சோயா வயல்களில் ஜூன் மாதம் பார்த்தால், கரையோர வரிசைகள் மட்டும் மொட்டையாக இருக்கும். கனடா வாத்துகளின் வேலை அது. இறகு உதிரும் பருவத்தில் அவற்றால் பறக்க முடியாது. குஞ்சுகளோடு நடந்தே வயலுக்குள் வந்து இளந்தளிரைக் கொறித்துவிடும்.

இந்த வாத்துகளில் பெரிய இனம் அடியோடு அழிந்துவிட்டது என்றே ஒருகாலத்தில் நினைத்தார்கள். 1962-இல் மின்னசோட்டா மாநிலத்தின் ராச்செஸ்டரில் ஒரு கூட்டம் தென்பட்டது. பிறகு அரசுத் துறைகளே வளர்த்துப் பல இடங்களில் விட்டன. அவற்றின் வம்சம்தான் இப்போது வலசை போகாமல் ஊரோடு தங்கிவிட்டது. ஆனாலும் வலசைப் பறவைகளுக்கான 1918-ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றையும் காக்கிறது. வேடிக்கைதான்!

நாயை விட்டோ சத்தம் எழுப்பியோ விரட்ட அனுமதி தேவையில்லை. சுடவோ முட்டையைத் தொடவோ வேண்டுமானால் சும்மா முடியாது. 2006-இல் விதிகளைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். ஆண்டுதோறும் பதிவு செய்துகொண்டு, மார்ச் முதல் ஜூன் வரை முட்டைகளைக் கையாளலாம். சில மாநிலங்கள் தனி அனுமதியும் கேட்கும்.

முட்டையை உடைத்தால் வாத்து மறுபடி இட்டுவிடும். அதனால் மக்காச்சோள எண்ணெயைத் தடவுகிறார்கள். ஓட்டின் நுண்துளைகள் அடைபட்டு உள்ளே கரு வளராது. தாய் வாத்தோ விவரம் தெரியாமல் அடைகாத்துக்கொண்டிருக்கும். தடவுமுன் முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்கள். மிதந்தால் கரு முற்றிவிட்டது என்று கூட்டிலேயே வைத்துவிடுவார்கள்.