புட்டியில் உள்ள எண்ணும் நம் உடலும்



‘ஆன்டிஆக்சிடன்ட் நிறைந்தது’ என்று பழச்சாறு புட்டிகளில் அச்சிடுகிறார்கள். அதை நம்பி, மாத்திரைக்குப் பதிலாகச் சாறு வாங்கும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு. அந்தச் சத்தை எப்படி அளக்கிறார்கள் என்று நாம் தெரிந்துகொள்வோம்.

ஆரஞ்சில் ஹெஸ்பெரிடின், கிரேப்ஃப்ரூட்டில் கசப்புத் தரும் நாரிஞ்சின் ஆகிய தாவரச் சத்துகள் உள்ளன. வடிகட்டிய சாற்றை எச்.பி.எல்.சி. கருவியில் செலுத்தினால் அவை தனித்தனியாகப் பிரியும். லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று கணக்கிடலாம். டி.பி.பி.எச். என்னும் ஊதாக் கரைசலில் சாற்றை விட்டு, நிறம் எவ்வளவு வெளுக்கிறது என்று பார்ப்பது இன்னொரு முறை.

ஆனால், சோதனைக் குழாயில் நடப்பது அப்படியே உடலில் நடப்பதில்லை. இத்தகைய அளவுகளை விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுத்தியதால், அமெரிக்க வேளாண்மைத் துறை தனது ‘ஓராக்’ பட்டியலை 2012-இல் விலக்கிக்கொண்டது.

ஆகவே, எண்ணைப் பார்த்து மருந்தை நிறுத்த வேண்டாம். கிரேப்ஃப்ரூட் சாறு, சில இரத்த அழுத்த, கொழுப்பு மருந்துகளின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடும். குடிக்குமுன் மருத்துவரைக் கேட்போம். ஆரஞ்சைச் சுளையாகவே உண்போம். ஹெஸ்பெரிடின் மிகுந்திருப்பது அதன் வெள்ளை நாரில்தான்.