குப்பம் வரை வராத அறிவிப்பு



பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் ஜெல்ட்ரியா கோட்டை 1613-ல் எழுந்தது துணிக்காக. சோழமண்டலக் கரையின் தறிகளில் நெய்த துணி இங்கே கப்பலேறி இந்தோனேசியத் தீவுகளுக்குப் போனது. அங்கே அதைக் கொடுத்து மிளகும் கிராம்பும் வாங்கினார்கள். கிடங்குக்கு வரும் துணியை டச்சுக் கம்பெனி ஆட்கள் மாதிரித் துணியோடு வைத்துப் பார்ப்பார்கள். நீளம் குறைந்தாலோ, இழை நெருக்கம் தளர்ந்தாலோ, சாயம் ஒவ்வாவிட்டாலோ விலையைக் குறைப்பார்கள். இல்லாவிட்டால் துணி தரகர் வழியாக நெசவாளியிடமே திரும்பும். முன்பணம் வாங்கியவர் அவர், நஷ்டமும் அவருக்கே. அந்த ஏற்பாட்டில் நியாயம் இருந்ததா என்பது வேறு. பொருளைச் செய்தவர் யார், எந்த ஊர்க்காரர் என்பதில் மட்டும் அன்று குழப்பம் இருந்ததில்லை.

நுகர்பொருள் பாதுகாப்பு பற்றிய கருத்தரங்கு ஒன்றை நகரத்து விடுதியில் நடத்தாமல் பழவேற்காட்டின் லைட்ஹவுஸ் குப்பத்துக்குக் கொண்டுவந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள இந்த ஊரிலிருந்து வெளியே போகும் பொருளுக்கு ஒரு நீதி, உள்ளே வரும் பொருளுக்கு இன்னொரு நீதி.

வெளியே போவது மீனும் இறாலும். ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஜனவரி 1 முதல், கடலில் பிடித்த மீனுக்குப் பிடிப்புச் சான்றிதழ் கேட்கிறது. இந்தியாவில் அதை வழங்குவது கடல்சார் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமான எம்பெடா. எந்தப் படகு, எந்தக் கடற்பகுதி என்று காகிதத்தில் இருந்தாக வேண்டும். 1997-ல் சுகாதாரக் குறை சொல்லி இந்தியக் கடலுணவையே ஐரோப்பா நிறுத்திவைத்த பிறகு ஏற்றுமதியாளர்கள் கற்ற பாடம் இது. ஐரோப்பியத் துறைமுகம் ஒன்றில் பெட்டியைத் திறந்து குறை கண்டால், கரை வரை பின்னோக்கி வர வழி உண்டு. உள்ளே வருபவை ஃபைபர் படகு, அவுட்போர்டு இன்ஜின், அதன் பிளக், செல்போன் சார்ஜர், குக்கர், கேஸ் டியூப், குழந்தைக்கு இருமல் மருந்து. இவற்றில் ஒன்றில் ஆபத்தான குறை தெரிந்தால் செய்தவர் இந்தக் குப்பத்தில் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவார்? பெரும்பாலும் எந்தக் கதவையும் தட்ட மாட்டார். தெரியாது என்பார், அது உண்மையாகவும் இருக்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஆபத்தான பொருளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை 20-வது பிரிவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்குக் கொடுத்தது. உணவுக்கு 2017-ம் ஆண்டின் விதிமுறைகள் உண்டு, வாகனத்துக்கு 2021 ஏப்ரல் முதல் தனி விதி. மருந்துக்கு மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-ல் வெளியிட்ட வழிகாட்டி இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான முதல் வகைக் குறை என்றால் 24 மணி நேரத்தில், போனால் போகிறது 72 மணி நேரத்துக்குள், விற்பனையை நிறுத்த வேண்டும் என்கிறது அது.

அந்த 72 மணி நேரம் எப்போது தொடங்குகிறது என்பதில்தான் சிக்கல். 2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் சளி, காய்ச்சலுக்கு மருந்து குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீரகம் செயலிழக்கத் தொடங்கியது. சந்தேகம் ‘கோல்ட்ரிஃப்’ என்ற சிரப் மேல் விழுந்தது. அதைச் செய்தது காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில், பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இயங்கிய ஸ்ரேசன் பார்மசூட்டிகல்ஸ். மத்தியப் பிரதேசத்தின் கடிதம் சென்னைக்கு வந்தது அக்டோபர் 1 அன்று. தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அன்றே ஆலைக்குப் போய் மாதிரி எடுத்தது. எஸ்ஆர்-13 என்ற பேட்சில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு இருந்தது சோதனையில் தெரிந்தது. அனுமதிக்கும் அளவு 0.1 சதவீதம். ஆலையில் முன்னூறுக்கும் மேற்பட்ட விதிமீறல்களைப் பட்டியலிட்டார்கள். மூலப்பொருளான புரொப்பிலீன் கிளைக்காலைப் பில் இல்லாமல் வாங்கியதும் அதில் அடக்கம். அக்டோபர் 13-ல் உரிமம் ரத்தானது. அதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்திருந்தார்கள்.

கடிதம் வந்த பிறகு சென்னை வேகமாகவே வேலை செய்தது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் 2011 முதல் உரிமம் வைத்திருந்த ஆலை அது. முன்னூறு மீறல்கள் ஒரே இரவில் முளைத்திருக்க முடியாது. செய்பவரை யாரும் பார்க்காத ஆண்டுகளின் கணக்கு, திரும்பப் பெறும் நாளில் மொத்தமாக வந்து நிற்கிறது. பில் இல்லாமல் வாங்குவது குப்பத்துவாசியின் பழக்கம் என்று நினைப்பவர்கள், மருந்து ஆலையே அப்படி வாங்கியதைக் கவனிக்க வேண்டும்.

இந்த நஞ்சு சென்னைக்குப் புதிதும் அல்ல. 1972-ல் சென்னையில் குழந்தைகள் இதே டைஎத்திலீன் கிளைக்கால் கலந்த மருந்தால் இறந்தார்கள். அதற்கும் முன்னால் 1937-ல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மாசென்கில் என்ற கம்பெனி, சல்ஃபா மருந்தைத் திரவமாக்க இதையே சேர்த்து விற்றது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கம்பெனி முதலில் அனுப்பிய தந்தியில் மருந்தைத் திருப்பி அனுப்புங்கள் என்று மட்டும் இருந்தது, குடித்தால் சாவு என்று இல்லை. உணவு, மருந்து நிர்வாகம் வற்புறுத்திய பிறகே இரண்டாவது தந்தி போனது. அந்தத் துறையின் ஏறக்குறைய எல்லாக் கள அலுவலர்களும், 239 பேர், கிளம்பினார்கள். கடைக் கணக்கு, மருத்துவர் குறிப்பு என்று துருவினார்கள். விவரம் தர மறுத்த டெக்சஸ் விற்பனையாளர் ஒருவர் சிறைக்குள் போன பிறகுதான் வாய் திறந்தார். செய்தது 240 கேலன்; அதில் 234 கேலனைக் கணக்குக்குக் கொண்டுவந்தார்கள். கணினி இல்லாத காலத்தில், இத்தனை பங்கு கிடைத்தது என்று சொல்ல ஒரு எண் இருந்தது. இங்கே நடக்கும் திரும்பப் பெறுதல்களில் போனது எத்தனை, வந்தது எத்தனை என்று பொதுவெளியில் வைக்கும் வழக்கம் இன்னும் வரவில்லை. இந்தக் கருத்தரங்கு ஒரே ஒரு தீர்மானம் போடுவதென்றால் அந்த எண்ணைக் கேட்டுப் போடலாம்.

லேபிளில் இருக்கும் பெயருக்கும் செய்தவருக்கும் சம்பந்தம் இல்லாமல் போவது அடுத்த சங்கடம். 2023 பிப்ரவரியில் அமெரிக்காவில் ‘எஸ்ரிகேர்’ என்ற கண் சொட்டு மருந்து திரும்பப் பெறப்பட்டது. மருந்துக்குக் கட்டுப்படாத சூடோமோனாஸ் கிருமி பரவியதில், அந்த ஆண்டு மே மாதக் கணக்குப்படி 18 மாநிலங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டார்கள். நான்கு பேர் இறந்தார்கள், 14 பேருக்குப் பார்வை போனது. எஸ்ரிகேர் கம்பெனியோ, லேபிளும் விற்பனையும்தான் தங்கள் வேலை என்றது. இறக்குமதி செய்தது அரு பார்மா என்ற வேறொரு நிறுவனம். செய்தது சென்னையைச் சேர்ந்த குளோபல் பார்மா ஹெல்த்கேர். தமிழ்நாட்டு அதிகாரிகள் எடுத்துச் சோதித்த மாதிரிகளில் கிருமி இல்லை என்று இங்கே அறிவித்தார்கள். அமெரிக்க ஆய்வாளர்கள் ஆலைக்கே வந்து குறைகளை எழுதிப் போனார்கள். பார்வை இழந்த ஒருவர், தன் கையிலிருந்த புட்டிக்குப் பின்னால் மூன்று கம்பெனிகளும் இரண்டு அரசுகளும் நிற்பதை அதற்குப் பிறகுதான் அறிந்திருப்பார்.

எதிர்ப்பக்க உதாரணங்களும் தமிழ்நாட்டிலேயே கிடைக்கின்றன. ராயல் என்ஃபீல்டு 2021 மே மாதம் 2,36,966 மோட்டார் சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது, இக்னிஷன் காயிலில் குறை என்று. பத்தில் ஒன்றுக்கும் குறைவான வண்டிகளில்தான் மாற்ற வேண்டிவரும் என்று தெரிந்தும் அத்தனையையும் அழைக்க முடிந்தது. காரணம், சேசிஸ் எண்ணும் ஆர்.சி. புத்தகமும். வண்டி கை மாறினாலும் பெயர் மாறிப் பதிவாகிறது. குப்பத்தில் செகண்ட் ஹேண்டாகக் கை மாறும் இன்ஜினுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத குக்கர்களை விற்றதற்காக அமேசானுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் போட்டு, வாங்கிய எல்லாருக்கும் தகவல் சொல்லித் திரும்பப் பெறச் சொன்னது. விற்றவை 2,265 குக்கர்கள் என்று துல்லியமாகத் தெரிந்தது. அமேசான் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது தனிக்கதை. பக்கத்திலுள்ள பொன்னேரியின் பாத்திரக் கடையில் ரொக்கத்துக்கு வாங்கிய குக்கர் எத்தனை, யார் வீட்டில் என்று சொல்ல இந்த நாட்டில் ஆள் கிடையாது.

ஆளைக் கண்டுபிடிக்க முடியாது என்று தெரிந்த ஒரு தயாரிப்பாளர் என்ன செய்யலாம்? டி.டி.கே. பிரஸ்டீஜின் டி.டி. ஜெகநாதன் ஒரு பதில் சொன்னார். வடநாட்டில் தங்கள் குக்கர்கள் வெடிக்கின்றன என்று புகார் வந்தபோது விசாரித்துப் பார்த்ததில், வீடுகளில் மாட்டியிருந்தது போலி சேஃப்டி வால்வு. போலியைச் செய்தவர் முகவரி இல்லாதவர்; அவரைத் திரும்ப அழைக்க முடியாது. ஜெகநாதன் மூடியின் விளிம்பில் ஒரு திறப்பு வைத்தார். வெயிட்டும் அடைத்து, வால்வும் உருகாமல் போனால் ரப்பர் கேஸ்கட் அந்தத் திறப்பு வழியே பிதுங்கி ஆவியை வெளியே விடும். போலி உதிரி பாகத்தைப் பயனர் மாட்டத்தான் செய்வார் என்று ஏற்றுக்கொண்டு செய்த வடிவமைப்பு இது. தயாரிப்பாளரின் பொறுப்பு பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் ‘பயனர் தவறாகப் பயன்படுத்தினார்’ என்ற வரி வரும்போதெல்லாம் அந்த ஓட்டையை நினைத்துக்கொள்வது நல்லது.

அறிவிப்பு எந்த மொழியில், எந்த வடிவில் வருகிறது என்பதும் சின்ன விஷயம் இல்லை. நோக்கியா 2007 ஆகஸ்ட் 14 அன்று பிஎல்-5சி பேட்டரிகளில் 4.6 கோடியை மாற்றித் தருவதாக அறிவித்தது. ஜப்பானின் மட்சுஷிட்டா செய்த பேட்டரிகள் அவை. சார்ஜ் ஏறும்போது சூடானதாக உலகம் முழுக்க நூறு புகார் அளவுக்குத்தான் வந்திருந்தன. தன்னுடையது அந்த வகையா என்று அறிய, பேட்டரியின் முதுகிலுள்ள 26 எழுத்து, எண்களைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். கடலுக்கு எடுத்துப் போய் உப்புக் காற்றில் தேய்ந்த பேட்டரியில் 26 எழுத்தைப் படிப்பது யாரால் ஆகும்? மாறாக, 2015 ஜூனில் மேகி நூடுல்ஸ் விவகாரம் எந்தப் பெட்டிக்கடையையும் விடவில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தடையை ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது என்றாலும், பாக்கெட்டுகள் லாரி லாரியாகத் திரும்பிப் போய் சிமென்ட் ஆலை உலைகளில் எரிந்தன. மேகி என்ற பெயரே தமுக்கடித்தது. ஆயிரம் ஊர்களில் விற்கும் பெயர் தெரியாத சிரப்புக்குத் தமுக்கு யார் அடிப்பது?

குப்பத்துக்குச் செய்தி கொண்டுவரும் பாதை ஏற்கெனவே இருக்கிறது என்பதே வேடிக்கை. ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரத்தையும் மீன் கிடைக்கும் இடத்தையும் கணித்து அனுப்புகிறது, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவர் செயலி அதைக் கைபேசியில் தமிழில் தருகிறது. புயல் என்றால் மீன்வளத் துறையின் தகவல் வருகிறது, ஊர் மைக் சொல்கிறது. வானிலைக்குத் திறந்த இந்த வழியில் ஒரு பேட்ச் எண்ணையும் புட்டியின் படத்தையும் அனுப்ப எந்தத் தொழில்நுட்பமும் புதிதாக வேண்டாம். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் மீன்வளத் துறையும் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதிக்கொண்டால் போதும். அது ஏன் நடக்கவில்லை என்பதை நிர்வாகவியல் அறிஞர்கள் ஆராயட்டும்.

முதல் அமர்வு மருந்தும் பில்லும் பற்றியது. மருந்துக்கடை பில்லில் பேட்ச் எண் அச்சாகும் வழக்கம் உண்டு. பில் கேட்பவர்தான் குறைவு, கேட்டாலும் கொடுக்காத கடை நிறைய. கட்டுரை படிப்பவர்கள் சட்டப் பிரிவுகளைச் சுருக்கிக்கொண்டு இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும் என்பது தலைமையின் வேண்டுகோள். இரண்டாம் அமர்வு, ஏலம் முடிந்து மீன் விற்கும் பெண்கள் வந்து சேர்ந்ததும் தொடங்கும். வீட்டுக் குக்கர், கேஸ் டியூப், குழந்தை மருந்து எதை எங்கே வாங்கினார்கள் என்று அவர்களே சொல்வார்கள். பேராசிரியர்கள் அப்போது குறிப்பெடுக்கலாம்.