சாவி யார் கையில்?

பங்குச் சந்தை பற்றிப் பேச இவன் யார், கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன், நாடகம் எழுதுபவன்தானே என்று கேட்பீர்கள். சந்தையும் நாடகமேடைதான்! திரைக்கு முன்னே எண்கள் ஆடும். திரைக்குப் பின்னே சொத்துக் கைமாறும்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கம்பெனிக்கு 100 பங்குகள்; பங்கு ஒன்று 10 ரூபாய். ஆக, சந்தை மதிப்பு 1,000 ரூபாய். ஆனால் அதன் நிலமும், இயந்திரமும், பெட்டியிலுள்ள ரொக்கமும் 2,000 ரூபாய் பெறும். 51 பங்குகளை வாங்கிவிட்டால் போதும். 510 ரூபாய்க்கு 2,000 ரூபாய்ப் பெட்டகத்தின் சாவி கிடைத்துவிடும்! விலை தாழ்ந்த இடத்திலே வேடன் நுழைகிறான். சூட்சுமம் அவ்வளவுதான்.

அமெரிக்காவிலே 2022ஆம் ஆண்டு, புதுமருந்து தேடும் சிறு உயிரித் தொழில்நுட்பக் கம்பெனிகள் பல, தம் கையிருப்பு ரொக்கத்தைவிடக் குறைந்த விலையிலே சந்தையில் நின்றன. ஆராய்ந்தவர் ஒருவர்; அள்ளிச் செல்லக் காத்திருந்தவர் வேறொருவர்!

அயல்நாட்டுக் கதை என்று அலட்சியம் வேண்டாம். நம் மாஞ்சோலையை அறிவீர்கள். 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றது பாம்பே பர்மா நிறுவனம். பின்னாளில் அது வாடியா குடும்பத்தின் கைக்கு வந்தது. அதே குடும்பத்தின் பாம்பே டையிங் கம்பெனிக்கு மும்பை நகரின் நடுவிலே பொன் விளையும் நிலம். பங்கின் விலையோ தாழ்ந்து கிடந்தது. விடுவார்களா? 2000ஆம் ஆண்டு கல்கத்தாச் சணல் ஆலை அதிபர் அருண் பஜோரியா ஏறத்தாழ 15 விழுக்காட்டுப் பங்குகளைத் திரட்டிவிட்டார். வாடியாக்கள் எதிர்த்து நின்றனர். கம்பெனி அவர்கள் கையிலேயே நிலைத்தது.

சட்டமும் காவலிருக்கிறது. 2011இல் செபி வகுத்த விதிப்படி, 25 விழுக்காட்டை எட்டுபவர், மேலும் 26 விழுக்காட்டை வாங்கிக்கொள்வதாக மற்றப் பங்குதாரர்களுக்குப் பகிரங்கமாக அறிவித்தாக வேண்டும். பத்துப் பங்கு வைத்திருப்பவருக்கும் பாதுகாப்பு! நன்று, வரவேற்கிறோம்.

ஆனால், பங்கே இல்லாதவனுக்கு?

அட்டை கடிக்கும் காட்டைத் தேயிலைத் தோட்டமாக்கியவன் அவன். கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரல் கறுத்தவள் அவள். முதலாளிக்குக் கம்பெனி போகுமோ என்ற கவலை வந்தால் சட்டம் வருகிறது, வழக்கறிஞர் வருகிறார். தொழிலாளிக்கு? 1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வும் சிறைப்பட்ட தோழர்களின் விடுதலையும் கேட்டு நெல்லையிலே ஊர்வலம் வந்தவர்கள்மீது தடி வந்தது. தாமிரபரணிக் கரையிலே 17 உயிர்கள் போயின! 2028இல் குத்தகை முடிவதற்கு முன்பே, 2024இல் விருப்ப ஓய்வுத் தாள் நீட்டப்பட்டது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மலையைவிட்டு இறங்குவது யாருடைய விருப்பம்?

வேறு வழியே இல்லையா? மூணாறைப் பாருங்கள். 2005இல் டாடா டீ விலகியபோது, கண்ணன் தேவன் தோட்டங்களை நடத்தப் புதுக் கம்பெனி அமைந்தது. தொழிலாளரும் ஊழியரும் அதன் பங்குதாரர்களாயினர். அங்கும் குறைகள் உண்டு, கூலிப் போராட்டமும் உண்டு. ஆயினும், உழைப்பவன் பெயர் பங்கேட்டிலே ஏறக்கூடும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது!

தோழர்களே! பங்கின் விலை விழுந்தால் முதலாளி கம்பெனியை இழப்பான். தொழிலாளியோ விலை ஏறினாலும் வீட்டை இழக்கிறான். பெட்டகத்தை நிரப்பியவனுக்குச் சாவியிலே பங்கு கேட்போம். ஊர்தோறும் கேட்போம், கிடைக்கும்வரை கேட்போம்!